வைரஸின் கட்டளையை வழியிலேயே அறுக்கும் ஊசி: ஹெபடைடிஸ் பி-க்கு மரபணு அமைதிப்படுத்தல் எவ்வளவு தூரம் உதவும்?

உங்கள் தம்பிக்கு ஏழு ஆண்டுகளாக நாட்பட்ட ஹெபடைடிஸ் பி இருக்கிறது. தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று பரிசோதனை சொன்னாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிறார் மருத்துவர். இந்த நிலையில், 'மரபணுவை அமைதிப்படுத்தும் ஊசி' ஒன்று வருகிறதாமே, அது தம்பியின் மரபணுவையே மாற்றிவிடுமா, நோயை வேரோடு தீர்த்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை எளிது: இன்று மருத்துவ ஆய்வுகளில் முன்னணியில் இருக்கும் ஊசிகள் அவருடைய மரபணுவைத் தொடுவதே இல்லை. இரண்டாவது கேள்விக்கு, ஆய்வுகளில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் நோய் அடங்கி, சிகிச்சையை நிறுத்திய பிறகும் அடங்கியே இருந்தது என்பதுதான் நேர்மையான விடை. மற்றவர்களுக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த மருந்துகளிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாத்திரையை ஏன் நிறுத்த முடியவில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுத் தொகுதி சுமார் 3,200 எழுத்துகள் மட்டுமே கொண்டது. மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் இதைவிடச் சிறியவை மிகக் குறைவு. அது கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும், செல்லின் உட்கருவுக்குச் சென்று, தன் டி.என்.ஏ.வை முழுமையாக மூடிய ஒரு வட்டமாக மாற்றிக்கொண்டு அங்கேயே குடியேறிவிடுகிறது. அந்த மூடிய வட்ட டி.என்.ஏ.தான் மூல ஏடு. அதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் எடுக்கப்படுகின்றன, சில நகல்களைப் பார்த்து வைரஸின் புரதங்கள் உருவாகின்றன, அவற்றில் மிக நீளமான நகல் ஒன்று மீண்டும் டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதப்பட்டுப் புதிய வைரஸுக்குள் வைத்து மூடப்படுகிறது. டெனோஃபோவிரும் அதே வகை மாத்திரையான என்டெகாவிரும் இந்தக் கடைசிப் படியை, அதாவது ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதும் வேலையை மட்டும் தடுக்கின்றன. அதைச் சிறப்பாகவே தடுக்கின்றன. கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பை அவை குறைப்பது பல ஆண்டு அனுபவத்தில் உறுதியாகியிருக்கிறது. ஆனால் உட்கருவிலுள்ள மூல ஏட்டை அவை தொடுவதில்லை. அதிலிருந்து புரதங்கள் உருவாவதையும் தடுப்பதில்லை. மாத்திரை நின்றதும் திருப்பி எழுதும் வேலை மீண்டும் தொடங்கிவிடுகிறது.

அந்தப் புரதங்களில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வைரஸின் மேலுறையாகிய மேற்பரப்பு ஆன்டிஜென்தான் அது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்ற பெயரில் பரூக் பிளம்பர்க் 1960-களில் கண்டறிந்தது இதைத்தான், அந்தப் பணிக்கு 1976-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பாதிக்கப்பட்ட செல்கள் இந்த உறையைத் தேவைக்கு மேல் மிதமிஞ்சி உற்பத்தி செய்கின்றன. உள்ளே வைரஸ் இல்லாத வெற்று உறைத் துகள்கள், முழுமையான வைரஸ் துகள்களைவிட ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் இரத்தத்தில் மிதக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களை இவை உறிஞ்சிக்கொள்கின்றன என்றும், பல ஆண்டுகள் ஓயாமல் இந்த ஆன்டிஜெனைச் சந்தித்த டி செல்கள் (தொற்றுக்கு எதிராகப் போராடும் வெள்ளை அணுக்கள்) களைத்துச் செயலற்றுப் போகின்றன என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வளர்ந்தபின் இந்தத் தொற்றைப் பெறுபவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் தாங்களாகவே அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து பெறும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாட்பட்டதாகிறது. ஆகவே இந்த வைரஸை அடக்கும் ஆற்றல் மனித உடலுக்கு உண்டு. நாட்பட்ட நோயாளியிடம் அந்த ஆற்றல் முடங்கிக் கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் மரபணு அமைதிப்படுத்தல் வருகிறது. மாத்திரை கடைசிப் படியைத் தடுக்கிறது என்றால், இது நடுப்படியை, அதாவது மூல ஏட்டிலிருந்து வெளிவரும் ஆர்.என்.ஏ. நகல்களை, புரதமாக மாறும் முன்பே அழித்துவிடுகிறது. பெயரில் மரபணு என்று இருந்தாலும் அமைதியாக்கப்படுவது மரபணுவிலிருந்து புறப்படும் கட்டளைதான். கட்டளை வழியிலேயே அறுபடுவதால் புரதம் உருவாவதில்லை. ஊசியின் வீரியம் தீர்ந்தால் கட்டளைகள் மீண்டும் போய்ச் சேரத் தொடங்கும். மனித மரபணுவைத் திருத்தும் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த வழிமுறையை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு நுண்ணிய உருண்டைப் புழுவில் 1998-இல் கண்டறிந்தார்கள். எட்டே ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றார்கள். இரட்டை இழை கொண்ட குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று செல்லுக்குள் சென்றால், செல்லின் சொந்தப் புரதக் கூட்டமைப்பு ஒன்று அதன் ஓர் இழையை வழிகாட்டியாக ஏந்திக்கொண்டு, அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டிவிடுகிறது. பாலூட்டிகளின் செல்களிலும் இது நடக்கும் என்று 2001-இல் தாமஸ் டுஷல் குழுவினர் காட்டினார்கள். 2003-க்குள் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கேயின் குழு சுண்டெலியின் கல்லீரலில் ஹெபடைடிஸ் பி-யின் ஆர்.என்.ஏ.வை இப்படி ஒடுக்கிக் காட்டிவிட்டது. இதற்கு உறவான இன்னொரு முறையும் உண்டு: ஒற்றை இழை கொண்ட எதிரிழை மருந்து. அது வைரஸின் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும்போது, செல்லில் உள்ள வேறொரு நொதி வந்து அந்த ஆர்.என்.ஏ.வை வெட்டும்.

ஹெபடைடிஸ் பி இந்த முறைக்கு மிகவும் வாகான இலக்கு. மரபுத் தொகுதி அவ்வளவு சிறியது என்பதால் வைரஸ் தன் மரபணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதியிருக்கிறது; அதன் ஆர்.என்.ஏ. நகல்கள் வெவ்வேறு இடங்களில் தொடங்கினாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. ஆகவே அந்தப் பொதுவான வால்பகுதியைக் குறிவைத்தால் ஒரே மருந்து எல்லாக் கட்டளைகளையும் அறுக்கும். சிக்கனத்துக்காக வைரஸ் செய்துகொண்ட ஏற்பாடே அதன் பலவீனமாகிவிட்டது.

கல்லீரல் என்பதும் ஒரு வசதி. ஆர்.என்.ஏ. மருந்துகளின் நெடுநாள் தலைவலி, அவற்றை உரிய செல்லுக்குள் கொண்டுசேர்ப்பதுதான். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், கேலாக்டோசமைன் வகைச் சர்க்கரை ஒன்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளமாக இருக்கின்றன. அந்தச் சர்க்கரையில் மூன்றை மருந்தோடு கட்டிவிட்டால், தோலுக்கு அடியில் போட்ட ஊசி தானாகவே கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. வேதியியல் மாற்றங்களால் மருந்து சிதையாமல் நீண்ட நாள் நிற்பதால், மாதம் ஒரு ஊசி போதுமானதாகிறது. போர்ஃபிரியா என்ற அரிய நோய்க்கான ஜிவோசிரான் 2019-இலும், கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் 2020-இலும் இதே முறையில்தான் ஒப்புதல் பெற்றன.

ஆனால் இந்தத் துறைக்கு மிகப் பெரிய பாடத்தைக் கற்பித்தது தோற்றுப்போன ஒரு மருந்து. ஏ.ஆர்.சி.-520 என்ற அதை ஆரோஹெட் நிறுவனம் உருவாக்கியது. சிம்பன்சிகளிடமும் நோயாளிகளிடமும் சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸின் 'இ' ஆன்டிஜென் என்ற இன்னொரு புரதம் இரத்தத்தில் தென்பட்டவர்களுக்கு, அதாவது 'இ' ஆன்டிஜென் நேர்மறையானவர்களுக்கு, மேற்பரப்பு ஆன்டிஜென் நன்றாகச் சரிந்தது. 'இ' ஆன்டிஜென் எதிர்மறையானவர்களுக்கும், ஏற்கெனவே நீண்ட காலம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அப்படிச் சரியவில்லை. மருந்து செல்லுக்குள் போகிறது, வைரஸின் ஆர்.என்.ஏ.வை வெட்டவும் செய்கிறது, பிறகு மேற்பரப்பு ஆன்டிஜென் எங்கிருந்து வருகிறது? சிம்பன்சிகளின் கல்லீரல் திசுவை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில் விடை இருந்தது. தொற்றின் போக்கில் வைரஸின் டி.என்.ஏ. துண்டுகள் கல்லீரல் செல்லின் சொந்த குரோமோசோம்களுக்குள்ளேயே செருகப்பட்டுவிடுகின்றன. அந்தத் துண்டுகளால் புது வைரஸை உருவாக்க முடியாது. ஆனால் மேற்பரப்பு ஆன்டிஜெனை உருவாக்க முடியும். செருகப்படும்போது வால்பகுதியில் ஒரு பங்கு அறுந்துபோகிறது, ஏ.ஆர்.சி.-520 குறிவைத்த இடம் அந்த அறுந்துபோன பங்கில்தான் இருந்தது. அதனால் செருகப்பட்ட துண்டுகளிலிருந்து வந்த கட்டளைகளை மருந்தால் அடையாளம் காணவே முடியவில்லை.

இந்த ஒரு கண்டுபிடிப்பு, நாட்பட்ட ஹெபடைடிஸ் பி பற்றிய மருத்துவர்களின் பார்வையையே மாற்றியது என்று சொல்வேன். அதுவரை மூடிய வட்ட டி.என்.ஏ.வை ஒழித்தால் மேற்பரப்பு ஆன்டிஜென் தானாக மறையும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். நோய் முதிர முதிர, அதுவும் மாத்திரையில் பல ஆண்டுகள் கழித்தவர்களுக்கு, இரத்தத்தில் மிதக்கும் ஆன்டிஜெனின் பெரும்பங்கு செருகப்பட்ட துண்டுகளிலிருந்து வருகிறது என்பது தெரிந்ததும் கணக்கு வேறாகிவிட்டது. உங்கள் தம்பியின் நிலைக்கும் இது பொருந்தக்கூடும். ஏ.ஆர்.சி.-520 நிறுத்தப்பட்டதற்குக் காரணம் வேறு: அதைச் சுமந்து செல்லும் துணைப்பொருள் அதிக அளவில் செலுத்தப்பட்ட குரங்கினங்களிடம் உயிரிழப்பு ஏற்பட்டதால் 2016 இறுதியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்றைய சர்க்கரை இணைப்பு ஊசிகளில் அந்தத் துணைப்பொருள் கிடையாது.

அடுத்து வந்த மருந்துகள் இந்தப் பாடத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டன. ஜான்சன் அண்டு ஜான்சன் சோதித்த ஜே.என்.ஜே.-3989 இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்களின் கலவை, ஒன்று, செருகப்பட்ட துண்டுகளிலும் எஞ்சியிருக்கும் மேற்பரப்பு மரபணுப் பகுதியைக் குறிவைக்கிறது. எலெப்சிரான், சால்னெசிரான் ஆகியவையும் செருகல்களிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை அடையும்படியே அமைந்தவை. இவற்றால் மேற்பரப்பு ஆன்டிஜென் பெரும்பாலானவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குக்கும், பலருக்கு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் இந்த ஊசிகளைத் தனியே போட்டபோது அது முற்றாக மறைந்து, மறைந்தே இருந்தவர்கள் மிகக் குறைவு; பலருக்கு, ஊசி நின்ற சில மாதங்களில் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. ஆன்டிஜென் வெள்ளம் வடிந்தால் களைத்த டி செல்கள் தாமாகவே எழுந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறவில்லை. வடிகால் வெட்டியாயிற்று, உழவு இன்னும் நடக்கவில்லை.

அளவுகோலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் தேடுவதைச் 'செயல்நிலை குணம்' என்கிறார்கள்: எல்லா மருந்துகளையும் நிறுத்தி 24 வாரங்கள் கழிந்த பிறகும் மேற்பரப்பு ஆன்டிஜெனும் வைரஸ் டி.என்.ஏ.வும் இரத்தத்தில் தென்படக் கூடாது. உட்கருவில் மூல ஏடு கொஞ்சம் மிச்சமிருக்கலாம், ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைத்திருக்கும். மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குக்கூட இது கிட்டுவதில்லை. அளவுகோல் இவ்வளவு கடுமையாக இருப்பதன் அருமை தமிழ்நாட்டு வாசகருக்கு நன்றாகவே புரியும். கீழாநெல்லி ஆய்வை எண்ணிப் பாருங்கள். 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், பிளம்பர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: கீழாநெல்லி தரப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது, வெற்று மருந்து தரப்பட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த அந்த முடிவைப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் மீண்டும் காண முடியவில்லை. அந்த முயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை; சரியான கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். பல நாடுகளில், பெரிய எண்ணிக்கையில், சிகிச்சை நின்ற பிறகும் நிலைக்கும் முடிவைக் கேட்கும் இன்றைய வழக்கம் இத்தகைய அனுபவங்களிலிருந்துதான் உருவானது.

அந்த அளவுகோலில் இரண்டு ஆய்வுகளின் எண்களைத் தருகிறேன். பெபிரோவிர்சென் என்ற ஒற்றை இழை மருந்தை 457 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2022-இல் வெளியானது. வாரம் 300 மில்லிகிராம் என 24 வாரங்கள் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 9 முதல் 10 சதவீதத்தினருக்கு, ஊசி நின்று 24 வாரங்களுக்குப் பிறகும் மேற்பரப்பு ஆன்டிஜெனும் வைரஸ் டி.என்.ஏ.வும் தென்படவில்லை. இந்த மருந்தில் சர்க்கரை இணைப்பு கிடையாது. அது வைரஸின் ஆர்.என்.ஏ.வை வெட்டுவதோடு, இயல்பான நோய் எதிர்ப்பின் ஏற்பி ஒன்றையும் தூண்டுகிறது. அதன் பலனில் இதற்கும் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. இரண்டாவது, 2024 டிசம்பரில் வெளியான சால்னெசிரான் ஆய்வு. அந்த ஊசியை மட்டும் மாத்திரையோடு சேர்த்துப் பெற்ற இரு குழுக்களில் மேற்பரப்பு ஆன்டிஜென் நீங்கியவர்கள் 7 சதவீதமும் 3 சதவீதமும்தான். அதோடு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தான பெக்இன்டர்ஃபெரானையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 23 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுவில் ஒருவர்கூட இல்லை. குழுக்கள் சிறியவை என்பதால் இந்தச் சதவீதங்களைக் கல்வெட்டாகக் கொள்ளக் கூடாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது: அமைதிப்படுத்தும் ஊசி சுமையைக் குறைக்கிறது, எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்ப வேறொன்று உடன் வேண்டும். என் மதிப்பீட்டில், இந்த மருந்துகளின் எதிர்காலம் கூட்டுச் சிகிச்சையில்தான் இருக்கிறது.

மற்றக் கல்லீரல் வைரஸ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் சி வைரஸ், கல்லீரல் செல்லுக்குச் சொந்தமான மைக்ரோ ஆர்.என்.ஏ.-122 என்ற குட்டி ஆர்.என்.ஏ.வைத் தன் பாதுகாப்புக்காகப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்று 2005-இல் தெரிந்தது. அதை முடக்கிய மிராவிர்சென் 2013-இல் வெளியான ஆய்வில் நல்ல பலன் காட்டியது. ஆனால் அதே ஆண்டு, ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை ஒப்புதல் பெற்றது. இன்று மூன்று மாத மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் குணமடையும்போது அங்கே ஊசிக்கு வேலை இல்லை. ஹெபடைடிஸ் டி-யின் கதை வேறு. அது தனக்கென உறை இல்லாமல், ஹெபடைடிஸ் பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜெனையே உறையாகப் போர்த்திக்கொண்டுதான் பரவ முடியும். உறைக்கான கட்டளையை அறுத்தால் அதன் வழி அடைபடுகிறது; எலெப்சிரானையும் டோபெவிபார்ட் என்ற எதிர்ப்புப் புரதத்தையும் இணைத்து இந்த நோய்க்குச் சோதித்து வருகிறார்கள்.

பக்க விளைவுகளில் ஊசி போட்ட இடத்துச் சிவப்பும் வலியும் பொதுவானவை. கல்லீரல் நொதிகள் திடீரென உயர்வதும் உண்டு. எதிர்ப்பாற்றல் விழித்துப் பாதிக்கப்பட்ட செல்களைத் தாக்குவதன் அடையாளமாக அது இருக்கலாம், ஆனால் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியவர்களுக்கு அதுவே ஆபத்தாகலாம் என்பதால் இந்த ஆய்வுகள் பலவற்றில் அவர்களைச் சேர்ப்பதில்லை. செல்லின் சொந்த ஆர்.என்.ஏ. இயந்திரத்தின் மீது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் என்ன ஆகும் என்பதும் அனுபவத்தில் தெரிந்ததே: சுண்டெலிகளின் கல்லீரல் செல்களே இடைவிடாமல் குட்டி ஆர்.என்.ஏ.வை உற்பத்தி செய்யும்படி வைத்தபோது பல எலிகள் இறந்துபோனதை 2006-இல் கேயின் குழுவே வெளிப்படையாக அறிவித்தது. அளவறிந்து கொடுத்து, தானே தேய்ந்துபோகும் ஊசி வடிவம் மேலோங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவற்றுக்கு அப்பால், மூல ஏட்டையே வாய்பொத்த வைக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. டி.என்.ஏ.வின் எழுத்துகளை வெட்டாமல், அவற்றின் மீது வேதியியல் முத்திரை பதித்து, நகல் எடுக்கவே முடியாதபடி செய்வது அதன் நோக்கம். உண்மையில் மரபணு அமைதிப்படுத்தல் என்ற பெயர் இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். மூடிய வட்டம், செருகப்பட்ட துண்டு இரண்டையும் ஒருசேர அடக்க முடிந்தால் பெரிய விஷயம். ஆனால் அது மனித ஆய்வின் ஆரம்பப் படியில்தான் இருக்கிறது, மனித குரோமோசோமை நேரடியாகத் தொடுவதால் அதன் பாதுகாப்பை நெடுங்காலம் கவனித்தாக வேண்டும்.

இந்த அக்கறைக்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யோடு வாழ்ந்தவர்கள் 25.4 கோடி, இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடி. உலகில் அந்த ஆண்டு இந்த நோயால் இறந்தவர்கள் 11 லட்சம். இந்த நோயோடு வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது, ஆகவே மலிவான மாத்திரையே இன்னும் போய்ச் சேரவில்லை. ஊசி என்ன விலையில் வரும், யாருக்கு எட்டும் என்ற கேள்வி அறிவியல் கேள்விக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

உங்கள் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு. புது ஊசி வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அவர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. இத்தகைய புது ஊசி ஒன்றைச் சோதித்த ரீஃப்-2 என்ற ஆய்வில், மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே, முன்கூட்டிய விதிகளின்படி மாத்திரையை நிறுத்திய ஒருவருக்கு வைரஸ் கடுமையாகத் திரும்பி, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அவர் புது மருந்தே பெறாத ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்தவர். கண்காணிப்பில் இருந்தவருக்கே அப்படியென்றால், வீட்டில் தானாக நிறுத்துவதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மேற்பரப்பு ஆன்டிஜெனின் அளவை எண்ணாகச் சொல்லும் பரிசோதனையைச் செய்யலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்றுதான் சீட்டில் எழுதித் தருகிறார்கள். அந்த ஒற்றைச் சொல் இப்போது போதாது. சால்னெசிரான் ஆய்வில் ஆன்டிஜென் நீங்கியவர்கள் அனைவரும் தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 1,000 அலகுக்குக் கீழ் இருந்தவர்கள்; பெபிரோவிர்சென்னும் குறைந்த அளவில் தொடங்கியவர்களிடம்தான் நன்றாகப் பலித்தது, அதன் மூன்றாம் கட்ட ஆய்வுகள் 3,000 அலகுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. அவருடைய எண் 400 என்றால் மருத்துவரோடு பேச வேண்டியது ஒன்று, 20,000 என்றால் வேறொன்று. ஏழு ஆண்டுகளாக ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர் என்பதால் அந்த எண் ஏற்கெனவே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கவும் கூடும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து குறித்து வைத்தால் அது தெரியும்.